கலிஃபோர்னியாவில் கடைக்கு நிபந்தனைப் பயன்பாட்டு அனுமதி: சோனிங் தேடலிலிருந்து திறப்பு நாள்வரை

இடம் பிடித்து, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணமும் கட்டிய பிறகுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. "இந்த சோனில் உணவகம் நடத்த கண்டிஷனல் யூஸ் பெர்மிட் (சுருக்கமாக சி.யு.பி.) வேண்டும்" என்று நகராட்சி கவுண்டரில் சொல்வார்கள். அனுமதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். கடை பூட்டியிருந்தாலும் வாடகை ஓடும். வேலையின் வரிசை மாறியதால் வரும் நஷ்டம் இது.

நகரத்தை சோன்களாக, அதாவது மண்டலங்களாக, பிரிக்கும் சோனிங் சட்டம் ஒவ்வொரு சோனிலும் சில பயன்பாடுகளை நேரடியாக அனுமதிக்கிறது, சிலவற்றைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பவை, இடத்தையும் நடத்தும் முறையையும் பார்த்து நிபந்தனையோடு தரப்படுபவை. அதற்கான அனுமதிதான் சி.யு.பி. சில நகரங்களில் யூஸ் பெர்மிட், ஸ்பெஷல் யூஸ் பெர்மிட் என்று பெயர் மாறும். இது உரிமையாகக் கிடைப்பதில்லை. தருவதும் மறுப்பதும் நகரத்தின் விருப்புரிமை, ஆனால் காரணம் சொல்லித்தான் எதையும் செய்ய முடியும். அந்தக் காரணங்களை முதல் நாளிலேயே கையில் எடுத்துக்கொண்டால் மற்ற எல்லா வேலைக்கும் திசை கிடைக்கும்.

கீழே வரும் படிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம்: பிளாசா எனப்படும் கடை வளாகம் ஒன்றில் 2,400 சதுர அடித் துணிக்கடையை பீரும் வைனும் பரிமாறும் உணவகமாக மாற்ற வேண்டும்.

1. கையெழுத்துக்கு முன் சோனிங்கைப் பாருங்கள்

முகவரியை வைத்து ஏபிஎன் எனப்படும் மனை எண்ணையும் சோனையும் கண்டுபிடியுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் சிமாஸ் என்ற இணையக் கருவியும், சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராபர்ட்டி இன்ஃபர்மேஷன் மேப்பும் இதற்கே உள்ளன. பெரும்பாலான நகரங்களில் இதுபோல ஒன்று இருக்கும்.

சோன் பெயர் தெரிந்ததும் நகராட்சிச் சட்டத் தொகுப்பில் அந்தச் சோனின் பயன்பாட்டு அட்டவணையைத் திறவுங்கள். அட்டவணையோடு நின்றுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அடிக்குறிப்புகள், மேலடுக்கு மண்டலங்கள் (சோனின் மேல் கூடுதல் விதிகள் பொருந்தும் பகுதிகள்), ஸ்பெசிஃபிக் பிளான் (குறிப்பிட்ட ஒரு பகுதிக்கென வகுத்த தனித் திட்டம்) ஆகிய மூன்றும் அட்டவணை சொல்வதை மாற்றக்கூடியவை. அட்டவணையில் "அனுமதி உண்டு" என்றிருக்கும் உணவகத்துக்கு, குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்தாலோ மது பரிமாறினாலோ சி.யு.பி. தேவை என்று வேறொரு பிரிவில் எழுதியிருக்கலாம்.

பழைய அனுமதிகளையும் கேட்டு வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் சி.யு.பி. ஆளோடு போவதில்லை, நிலத்தோடு நிற்கிறது. அதே இடத்தில் முன்பு இருந்தவருடைய அனுமதி இன்னும் உயிரோடு இருந்தால், உங்கள் வேலை புதிய விண்ணப்பமாக இல்லாமல் சிறு திருத்தமாகச் சுருங்கலாம்.

பிளாசாவின் தனியார் ஒப்பந்த நிபந்தனைகளை நகராட்சி பார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். "இங்கே இன்னொரு உணவகம் கூடாது" என்று பழைய வாடகைதாரருக்கு உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தால், நகரம் அனுமதி தந்தும் பயனில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதி கட்டாயம் வேண்டும்: சி.யு.பி. கிடைத்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகே வாடகை தொடங்கும். மறுக்கப்பட்டால் முன்பணத்தோடு விலகலாம். "அனுமதி கிடைத்த நாள்" என்று மட்டும் எழுதினால் போதாது. மேல்முறையீடு வந்தால் இன்னும் சில மாதம் தள்ளிப்போகும்.

2. முடிவுக்கான காரணங்களை முதலில் எழுதுங்கள்

சி.யு.பி. தருவதற்கு முன் நகரம் சில கூற்றுகளை உண்மை என்று நிறுவ வேண்டும். இவற்றை ஃபைண்டிங்ஸ் என்பார்கள். பயன்பாடு நகரத்தின் நீண்டகால வளர்ச்சித் திட்டமான ஜெனரல் பிளானோடு ஒத்துப்போகிறது. அந்தச் சோனில் நிபந்தனையோடு அனுமதிக்கத்தக்கது. இடத்தின் அளவும் அமைப்பும் அதற்குப் பொருந்தும். அக்கம்பக்கத்தோடு இசைவாக இருக்கும். பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, நலன் ஆகியவற்றுக்குக் கேடில்லை. பல நகரங்களில் இவையே சற்று மாறிய சொற்களில் இருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவின் பிளானிங் கோட் 303-ஆம் பிரிவு, பயன்பாடு அந்தப் பகுதிக்குத் தேவையானதோ விரும்பத்தக்கதோ ஆக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

1974-இல் டொபாங்கா வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கோப்பில் உள்ள சான்றுக்கும் எடுத்த முடிவுக்கும் இடையிலான பாதையை ஃபைண்டிங்ஸ் காட்ட வேண்டும் என்று சொன்னது. ஆகவே சான்று கோப்பில் இருந்தாக வேண்டும். அதைக் கொண்டுபோய் வைப்பது உங்கள் பொறுப்பு.

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கூற்றின் கீழும் உங்கள் சான்றை எழுதுங்கள். "அக்கம்பக்கத்துக்கு இசைவானது" என்பதற்குக் கீழே "நல்ல உணவகம்" என்று எழுதினால் அது சான்றாகாது. "சமையலறைப் புகைபோக்கி மிக அருகிலுள்ள வீட்டு எல்லையிலிருந்து இத்தனை அடி, பின்கதவு இரவு 9 மணிக்கு மேல் மூடியிருக்கும், சரக்கு காலை 8 முதல் 11 வரை மட்டும்" என்றால் சான்று. எந்தக் கூற்றுக்குக் கீழே எழுத ஒன்றும் இல்லையோ அங்கேதான் ஆய்வோ வடிவ மாற்றமோ தேவை. கட்டடக் கலைஞரைப் பார்ப்பதற்கு முன்பே இந்தத் தாள் தயாராக இருக்கட்டும்.

3. பிளானரோடு முன் சந்திப்பு

பெரும்பாலான நகரங்கள் விண்ணப்பத்துக்கு முன், பிளானர் எனப்படும் திட்டமிடல் துறை அதிகாரியோடு ஒரு சந்திப்பு தருகின்றன. சில கட்டணம் வாங்கும். முழு வரைபடம் வேண்டாம். கையால் வரைந்த அமைப்புப் படம், இருக்கை எண்ணிக்கை, நேரம், மது உரிமத்தின் வகை இவை போதும்.

மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் எழுந்துவராதீர்கள். முடிவெடுப்பது யார்: சோனிங் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற அதிகாரியா, பிளானிங் கமிஷன் என்ற குழுவா, நகர மன்றமா? சுற்றுச்சூழல் ஆய்வில் எந்த விலக்கைப் பயன்படுத்த நினைக்கிறார்கள்? போக்குவரத்து, ஒலி, பார்க்கிங் ஆய்வுகளில் எவை வேண்டும்? பதில்களை அன்றே மின்னஞ்சலில் எழுதி, "நான் புரிந்துகொண்டது சரிதானே" என்று பிளானருக்கு அனுப்புங்கள். பிளானர்கள் மாறுவார்கள், மின்னஞ்சல் கோப்பில் இருக்கும்.

4. பார்க்கிங் கணக்கு

கடையை உணவகமாக்கும்போது விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். அந்த நகரத்தில் கடைக்கு 250 சதுர அடிக்கு ஓரிடம், உணவகத்துக்கு 100 சதுர அடிக்கு ஓரிடம் என்று விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 சதுர அடித் துணிக்கடைக்கு 10 இடம் போதும். அதே அறை உணவகமானால் 24 இடம். சுவர் ஒன்றையும் நகர்த்தாமலே 14 இடம் குறைகிறது.

உங்கள் கடையை மட்டும் கணக்கிடுவது தவறு. பிளாசா முழுவதும் ஒரே மனையென்றால் எல்லா வாடகைதாரரின் தேவையையும் கூட்ட வேண்டும். ஒவ்வொரு கடையின் பரப்பு, பயன்பாடு, திறப்பு நேரம், தேவையான இடம் என்று அட்டவணை போட்டு முதல் தாளிலேயே காட்டுங்கள். பல் மருத்துவரும் வங்கியும் மாலை மூடிவிட்டால், கூட்டுப் பார்க்கிங் ஆய்வில் அந்த இடங்களை மாலை உணவகத்துக்குக் காட்ட வாய்ப்புண்டு. வண்டி எண்ணுவதைச் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்துக்கொண்டால் கமிஷனில் யாரும் ஏற்கமாட்டார்கள். வெள்ளி, சனி மாலைகளில் எண்ணுங்கள்.

ரயில் நிலையம் போன்ற பெரிய போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருந்தால் கணக்கே மாறும். 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஏபி 2097 சட்டம், அந்தத் தொலைவுக்குள் குறைந்தபட்ச பார்க்கிங்கை நகரங்கள் விதிப்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. தங்கும் விடுதி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மாற்றுத்திறனாளிக்கான இட விதிகளை இந்தச் சட்டம் தளர்த்தவில்லை.

5. செயல்பாட்டு விவரக் கடிதம்

இரண்டு பக்கக் கடிதம்தான், ஆனால் அனுமதியின் எல்லையை வகுப்பது இதுவே. இருக்கைகள் உள்ளேயும் வெளியேயும் எத்தனை, கிழமைவாரியாக நேரம், ஒரு ஷிஃப்டில் எத்தனை ஊழியர், சரக்கு வண்டியின் அளவும் நேரமும், குப்பை எடுக்கும் நாள்கள், இசை உண்டா, மது எந்த உரிமத்தில், தனிப்பட்ட விழாக்கள் நடக்குமா என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

"வழக்கமான வணிக நேரம்" என்று எழுதாதீர்கள். நேரத்தைக் கமிஷன் தன் விருப்பப்படி நிர்ணயித்துவிடும். பணிவு காட்டுவதாக நினைத்து "இரவு 9 வரை" என்று எழுதிவிட்டு, ஆறு மாதம் கழித்து 11 வேண்டும் என்றால் மறுபடியும் திருத்த விண்ணப்பம், கட்டணம், பொது விசாரணை எல்லாம். சான்றோடு நியாயப்படுத்தக்கூடிய அதிகபட்சத்தை இப்போதே கேளுங்கள்.

இருக்கை எண்ணிக்கையைக் கட்டட விதியோடு பொருத்திப் பாருங்கள். மேசை நாற்காலி போட்ட சாப்பாட்டுப் பகுதியில் ஆள் கணக்கு 15 நிகர சதுர அடிக்கு ஒருவர். அதனால் 750 சதுர அடி ஆனதுமே கணக்கில் 50 பேர், நீங்கள் 40 நாற்காலிதான் போட்டாலும். 50-ஐத் தொட்டால் அறை ஒன்றுகூடல் வகைக்குப் போய்விடும், இரண்டாவது வெளியேறும் வழி வேண்டும். தொழிற்பேட்டைக் கட்டடங்களில் நடன, பாட்டு வகுப்புகள் தொடங்குவோரும், விழாக் கூடம் நடத்த நினைப்போரும் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

மதுவுக்கு இரண்டு அலுவலகம், இரண்டு தனி முடிவுகள். மாநில மதுக் கட்டுப்பாட்டுத் துறையான ஏபிசி தருவது உரிமம், நகரம் தருவது இடத்துக்கான அனுமதி. உணவகத்தில் பீர், வைன் மட்டும் என்றால் டைப் 41, மற்ற மதுவும் என்றால் டைப் 47. அந்தப் பகுதியில் உரிமங்கள் மிகுதி என்று ஏபிசி கணக்கில் வந்தால், உணவக விண்ணப்பதாரர் பொது வசதியோ தேவையோ இருப்பதை ஏபிசியிடமே காட்டலாம். மதுக்கடைக்கும் பாருக்கும் அதை நகர நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்; அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

6. வரைபடங்களும் மற்ற தாள்களும்

மனைப் படம் ஓர் அங்குலத்துக்கு 20 அடி, தளப் படம் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்பது வழக்கமான அளவு. நகரத்தின் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மனைப் படத்தில் உங்கள் கடையை மட்டும் வரைந்தால் திரும்பிவரும். முழு மனை, எல்லைக் கோடுகள், நுழைவழிகள், ஒவ்வொரு பார்க்கிங் இடமும் எண்ணோடு, பக்கத்து மனைகளில் என்ன இருக்கிறது என்பது, மாற்றுத்திறனாளிக்கான பாதை எல்லாம் இருக்க வேண்டும்.

புதியவர்கள் மறப்பவை மூன்று: குப்பைத் தொட்டி அடைப்பு, கிரீஸ் இன்டர்செப்டர் (கழிவுநீரிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்கும் தொட்டி), கூரைமேல் வரும் காற்றோட்டக் கருவிகளும் அவற்றை மறைக்கும் தட்டியும். துணிக்கடைக்கு இவை தேவைப்படவில்லை, உணவகத்துக்கு வேண்டும். பின்னால் கொண்டுவந்தால் பார்க்கிங் இடம் ஒன்றிரண்டு போய்விடும், நான்காம் படியில் போட்ட கணக்கு கலையும்.

கட்டட உரிமையாளரின் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். உரிமையாளர் டிரஸ்ட்டோ கம்பெனியோ என்றால் கையெழுத்திடும் அதிகாரத்துக்குச் சான்றும் சேர்த்துவையுங்கள்.

அறிவிப்புக்கான முகவரிப் பட்டியலில் நடக்கும் பிழை ஒரு விசாரணையையே ரத்தாக்கும். மாநிலச் சட்டப்படி குறைந்தது 300 அடிக்குள் இருக்கும் சொத்து உரிமையாளர்களுக்கு விசாரணைக்கு 10 நாள் முன்பாவது அறிவிப்பு போக வேண்டும். பல நகரங்கள் 500 அடி, 1,000 அடி என்று கூட்டியிருக்கின்றன. அளவை உங்கள் கடைக் கதவிலிருந்து தொடங்காதீர்கள், மனையின் எல்லைக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். பெரிய பிளாசாவில் இந்த வித்தியாசம் ஒரு தெரு முழுவதையும் விட்டுவிடக்கூடியது. முகவரிகள் அண்மைய சொத்து மதிப்பீட்டுப் பதிவேட்டிலிருந்து வர வேண்டும்.

இன்னொரு தாள், நிலம் அரசின் நச்சுக்கழிவு இடப் பட்டியலில் உள்ளதா என்ற உறுதிமொழி. பழைய பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங் கடை இருந்த பிளாசா என்றால் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். பட்டியலில் இருந்தால் சுற்றுச்சூழல் விலக்கே கிடைக்காமல் போகும்.

7. கொடுத்த பிறகு ஓடும் 30 நாள்

பெர்மிட் ஸ்ட்ரீம்லைனிங் என்ற மாநிலச் சட்டப்படி, விண்ணப்பம் முழுமையானதா என்று நகரம் 30 நாட்காட்டி நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழுமையானதாகவே கருதப்படும். குறை இருந்தால் எது எது என்று பட்டியலிட வேண்டும். நீங்கள் திருத்திக் கொடுத்ததும் மறுபடியும் 30 நாள்.

குறைக் கடிதம் வராத விண்ணப்பம் அரிது, மனம் தளர வேண்டாம். திருத்தும்போது அவசரப்பட்டுப் பாதியை மட்டும் அனுப்புவதுதான் நாளைத் தின்கிறது. மீதிக் குறைக்கு இன்னொரு 30 நாள் சுற்று தொடங்கிவிடும். ஒவ்வொரு குறிப்புக்கும் நேரே பதிலும் தாள் எண்ணும் எழுதிய அட்டவணையோடு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுங்கள். தீயணைப்பு, பொதுப்பணி, கட்டடத் துறை, காவல் துறைக் குறிப்புகள் ஒன்றோடொன்று முரண்படும்போது நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிளானரிடம் சொல்லி இரு துறைகளையும் ஒரே அழைப்பில் பேச வையுங்கள்.

8. சுற்றுச்சூழல் சட்டம்

சீக்வா எனப்படும் கலிஃபோர்னியாச் சுற்றுச்சூழல் சட்டம் 1970-இல் வந்தது. விருப்புரிமையோடு தரும் அனுமதி என்பதால் சி.யு.பி.க்கும் அது பொருந்தும். நம் எடுத்துக்காட்டுக்கு விலக்கு, அதாவது விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டாம் என்ற முடிவு, கிடைக்க வாய்ப்பு அதிகம். இருக்கும் கட்டடத்தில் பயன்பாடு பெரிதாக விரியவில்லை என்றால் விலக்கின் வகுப்பு 1. சிறு கட்டடங்களைக் கட்டுவதும் பயன்பாடு மாற்றுவதும் வகுப்பு 3-இல் வரும். அதில் உணவகம், கடைக்கு 2,500 சதுர அடி வரம்பு, நகர்ப்புறத்தில் 10,000 வரை. 5 ஏக்கருக்கு மேற்படாத நகர்ப்புற மனைத் திட்டங்களுக்கு வகுப்பு 32.

விலக்குக்குத் தகுதி ஏன் என்று ஒரு பக்கக் குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். விலக்கு முடிவானதும் 60 நாளுக்குள் நகரம் அனுமதி பற்றித் தீர்மானிக்க வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இங்கே இருக்கிறது: விலக்கு அறிவிப்பைக் கவுண்டி (மாவட்ட) கிளார்க்கிடம் தாக்கல் செய்வது. தாக்கல் செய்தால் சீக்வாவைக் காட்டி வழக்குப் போட எதிர்ப்பாளருக்கு 35 நாள்தான் அவகாசம். செய்யாவிட்டால் 180 நாள். கடன் தரும் வங்கி இதைக் கேட்கும். நகரம் தானாகச் செய்யும் என்று இருந்துவிடாமல் முத்திரையிட்ட நகலை வாங்கிவையுங்கள்.

9. அக்கம்பக்கத்தாரிடம் முதலில் நீங்கள் போங்கள்

அறிவிப்பு அட்டை தபாலில் வந்துதான் ஒருவருக்கு விஷயம் தெரிகிறது என்றால் அவர் விசாரணைக்கு எதிர்ப்போடுதான் வருவார். பின்சுவரை ஒட்டிய வீடுகளுக்கு அறிவிப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே போய்வாருங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் தீர்க்கக்கூடியது: இரவில் பாட்டில் கொட்டும் சத்தம், விளக்கு ஜன்னலில் அடிப்பது, தெருவில் வண்டி நிற்பது. ஒப்புக்கொண்டதை எழுதி பிளானருக்கு அனுப்பினால் அது "இசைவானது" என்ற கூற்றுக்குச் சான்றாகவும் ஆகிவிடும்.

10. நிபந்தனை வரைவை வரிவரியாகப் படியுங்கள்

விசாரணைக்கு முன்பே வரைவு நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பு ஒட்டப்பட்டால் போதும் என்பதுதான் சட்டம். அதுவரை காத்திருந்தால் பேச நேரமிருக்காது.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் கேளுங்கள்: எப்போது நிறைவேற்ற வேண்டும், யார் சரிபார்ப்பார், செலவு என்ன? "டைரக்டருக்குத் திருப்தி தரும்படி" என்ற சொற்றொடர் வந்தால் அளவுகோலைக் கேட்டு எழுத வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுஆய்வு என்றிருந்தால் அதில் எதைப் பார்ப்பார்கள் என்பதும் எழுத்தில் வரட்டும்.

சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடு, சிக்னல் போடு என்பது போன்ற நிபந்தனைகளுக்கு எல்லை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நோலன் வழக்கும் (1987), டோலன் வழக்கும் (1994) சொல்வது: கேட்பதற்கும் உங்கள் திட்டத்தால் வரும் பாதிப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அளவும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். விசாரணைக்கு முன் மரியாதையாக எழுத்தில் எழுப்புங்கள். மேடையில் முதல்முறை எழுப்பினால் பிளானர் உங்களுக்கு எதிராகப் பேச நேரிடும்.

11. விசாரணை நாள்

உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடத்துக்குள்தான் இருக்கும். கமிஷனர்கள் பிளானர் எழுதிய ஸ்டாஃப் ரிப்போர்ட்டைப் படித்திருப்பார்கள், அதையே திரும்பச் சொல்ல வேண்டாம். "நிபந்தனைகளை ஏற்கிறோம், 14-ஆவதில் மட்டும் இந்தச் சொல்லை மாற்றக் கோருகிறோம்" என்று தொடங்கி, மாற்று வாசகத்தை அச்சடித்துக் கொடுங்கள். எதிர்ப்புகளைக் குறித்துக்கொண்டு பதில் நேரத்தில் உண்மைகளை மட்டும் சொல்லுங்கள். அண்டை வீட்டாரோடு வாதாடினால் "இசைவானது" என்ற கூற்றை நீங்களே உடைக்கிறீர்கள்.

கமிஷனர்கள் சிலர் வராத நாளில் சமநிலை வாக்கு வந்தால் தீர்மானம் தோற்றுவிடும். முழு எண்ணிக்கை இல்லையென்றால் ஒத்திவைப்புக் கேட்பது முறையானதே. மறுப்பு உறுதி என்று தெரிந்தாலும் வாக்குக்கு முன்பே ஒத்திவைப்போ திரும்பப்பெறுதலோ கேளுங்கள். மறுக்கப்பட்ட அதே விண்ணப்பத்தை ஓராண்டுவரை ஏற்காத நகரங்கள் பல.

12. முடிவுக்குப் பிறகு

மேல்முறையீட்டுக் காலம் பெரும்பாலும் 10 முதல் 15 நாள். சில நகரங்களில் வேலைநாள், சிலவற்றில் நாட்காட்டி நாள்; தேதியை எழுத்தில் வாங்குங்கள். அது முடியும்வரை இடிப்பு வேலைகூடத் தொடங்காதீர்கள். நீதிமன்றத்தில் அனுமதியை எதிர்ப்பவர் 90 நாளுக்குள் வழக்குத் தாக்கல் செய்து, உரியவர்களுக்குச் சேர்ப்பிக்கவும் வேண்டும். கட்டணத்தையோ நிலக் கோரிக்கையையோ எதிர்க்க நினைத்தால் உங்களுக்கும் கெடு உண்டு: பணத்தை எதிர்ப்போடு கட்டி, 90 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும்.

அடுத்து கட்டட அனுமதி, கவுண்டி சுகாதாரத் துறையின் சமையலறை வரைபடச் சரிபார்ப்பு, ஏபிசி. நிபந்தனைத் தீர்மானத்தைக் கட்டட வரைபடத்தின் இரண்டாம் தாளில் அப்படியே அச்சிடுங்கள். ஒப்பந்தக்காரருக்கும் ஆய்வாளருக்கும் கண்ணில் படும் இடம் அதுதான்.

பயன்படுத்தப்படாத அனுமதி குறித்த காலத்தில் காலாவதியாகும். ஓராண்டு, இரண்டாண்டு என்று நகரத்துக்கு நகரம் வேறுபடும். நீட்டிப்பைக் கேட்கும் கடிதம் காலாவதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். "பயன்படுத்தத் தொடங்குதல்" என்றால் கட்டட அனுமதி எடுப்பதா, கடை திறப்பதா என்பதைத் தீர்மானத்தின் வாசகத்தில் பாருங்கள். கட்டட வேலை இழுத்துக்கொண்டிருந்தால், கெடுவுக்கு 60 நாள் முன்பு நீட்டிப்பு மனு கொடுக்க நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கடை திறந்து பின்னாளில் விற்க நேர்ந்தால், தீர்மான நகல், முத்திரையிட்ட வரைபடம், விலக்கு அறிவிப்பு மூன்றையும் வாங்குபவரிடம் சேர்த்துக் கொடுங்கள். அவரும் முதல் படியில் இவற்றைத்தான் தேடுவார்.